கூட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சாப்பிடாமல் எழும்பி வந்தது உனக்குக் கோபம் என்று தெரியும். மருமகள் விடியத் தொடக்கம் நின்று சமைத்தவள். நான் காலில் சப்பாத்தைக் கொழுவுகிற நேரம், "என்ன மாமா, தட்டு வெச்சாச்சு, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று அந்தப் பிள்ளை புதுச்சேரித் தமிழில் கேட்டது இன்னும் காதில் கிடக்கிறது. தலை சுற்றுகிறது என்று சொன்னேன். பொய். நீ காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றாய், அதையும் வேண்டாம் என்று ரயில் ஏறினேன். அன்று தொடக்கம் நீ ரெலிபோன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "இப்ப எப்பிடி அப்பா, பிரசர் பார்த்தீங்களோ" என்று நீ கேட்பாய், "ஓம், பரவாயில்லை" என்று நான் சொல்லுவேன், பிறகு மழையைப் பற்றிக் கதைப்போம். முப்பது வருசமாய் நானும் நீயும் மழையைப் பற்றித்தான் கதைக்கிறோம்.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறது, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் என் அறைக்குக் கீழே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிற பிள்ளை. எங்கள் சனத்துக்கு, மெறி என்கிற நகரசபைக்கும் பப்பியே என்கிற வதிவிடப் பத்திர அலுவல்களுக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள். நான் போய்க் கதிரையில் குந்தினதும், "என்ன ஐயா, பென்சன் கடிதமோ, வீட்டு உதவியோ?" என்றாள். மகனுக்கு என்றேன். "மகன் இஞ்சை பக்கத்திலை, பொண்டியிலை எல்லே இருக்கிறார், ரயிலிலை கால் மணித்தியாலம், அதுக்கேன் கடிதம்?" என்றாள். நேரே சொல்ல வாய் வரவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கொஞ்சம் மெதுவாய்ச் சொல்லுங்கோ, நானென்ன மெசினோ என்று மட்டும் இடைக்கிடை ஏசுகிறாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு சொல்லும் இதில் போகாது, பரவாயில்லை. ஏனென்றால் இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். உன் அக்கா செத்த கதை என்று நீயும் ஊரும் முப்பது வருசமாய்ச் சொல்லி வருகிற கதை சரியில்லை. அதைப் பிழையாய்ச் சொல்லிவிட்டது நான். அதைச் சரியாக்கத்தான் இது.

அன்றைக்கு உன் வீட்டுக்கு வந்தவுடன் நீ என்னைப் பின்வளவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாய். வீடு வாங்கின மனிதன் முன்கூடத்தைக் காட்டுவான், நீ மண்ணைக் காட்டினாய், எனக்கு அது பிடித்தது. கையில் எடுத்து நசித்துப் பார்த்தேன், கறுத்த மண், கல்லில்லை. பாத்தி நேராய் இருந்தது. போஞ்சிக்குக் கம்பு நட்டிருந்தாய், பூசணியைக் குப்பை மேட்டுப் பக்கம் படர விட்டிருந்தாய், அதெல்லாம் சரி. மிளகாயை மதில் ஓரம் வெயில் முட்டுகிற இடத்தில் வைத்ததும் சரி, ஆனால் இலை கருகி நின்றது, நீ கவனித்தாயோ தெரியாது. கோழி எருவைப் பச்சையாய்ப் போட்டிருக்கிறாய். கோழி எரு சூடு, தம்பி. சருகோடும் புல்லோடும் கலந்து ஒரு மூலையில் ஆறு மாசமாவது கிடந்து ஆறவேண்டும். கையில் எடுத்தால் மணம் போய், தேயிலைத் தூள் மாதிரி உதிரவேண்டும். அப்போதுதான் வேருக்குக் கிட்டக் கொண்டுபோகலாம். இதைச் சொல்லத்தான் அன்று வாய் எடுத்தேன். அதற்குள் நீ என் கையைப் பிடித்து, "அப்பா, அதை விடுங்கோ, இஞ்சை வந்து பாருங்கோ" என்று கோழிக்கூட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாய்.

நல்ல கூடு. பலகையால் அடித்து, நிலத்திலிருந்து உயர்த்தி, கம்பி வலையை மண்ணுக்குள் ஒரு முழம் புதைத்திருந்தாய், மரநாய் கிண்டி உள்ளே வராது. நாலு மண்ணிறப் பேடுகள். கூட்டின் கதவைத்தான் உனக்குப் பெருமையாய்க் காட்டவேண்டி இருந்தது. சூரியன் எழும்பத் தானே திறக்குமாம், இருளத் தானே மூடுமாம். "நாங்கள் வீட்டிலை இல்லாட்டிலும் பிரச்சினை இல்லை அப்பா, ரெலிபோனிலையே திறக்கலாம்." கறன்ட் இல்லாவிட்டால் என்றேன். பற்றறி இருக்கு என்றாய். பற்றறி முடிந்தால் என்றேன். நீ சிரித்து, "இவருக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்று உள்ளே மருமகளுக்குக் கேட்கச் சொன்னாய். அவளும் சமைத்துக்கொண்டே குசினி ஜன்னலுக்குள்ளிருந்து சிரித்தாள். நான் சந்தேகத்தில் கேட்கவில்லை. பூட்டின கூட்டுக்குள் கோழி நிற்கிறதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டும், அதனால் கேட்டேன்.

பிறகு நீ முட்டை இடுகிற பெட்டியின் மூடியைத் தூக்கினாய். ஒரு பேடு வைக்கோலுக்குள் பரந்து குந்தியிருந்தது. "இது மூண்டு நாளா எழும்புதில்லை அப்பா, வருத்தமோ தெரியேல்லை." நோய் இல்லை, அடைக்குக் கிடக்கிறது. சேவல் இல்லாத வளவில் அது குந்தியிருந்து ஒன்றும் பொரிக்காது, தீன் தின்னாமல் மெலியும், முட்டைகளை எடுத்துவிட்டு அதை எழுப்பி விடு. அதைச் சொல்லத்தான் குனிந்தேன். அது கழுத்தை அசைக்காமல் ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. அந்த நேரத்தில்தான் நீ எனக்குப் பின்னால் நின்று, மெல்லமாய், வளவில் விளையாடின உன் மகளுக்குக் கேட்காத மாதிரிச் சொன்னாய்: "உந்தக் கோழியள் அக்காவுக்காகத்தான் அப்பா. நான் அண்டைக்கு அழாமல் இருந்திருந்தால் அவ திரும்பிப் போயிருக்க மாட்டா."

நான் திரும்பி, "தண்ணிச் சட்டியிலை தண்ணி காணாது, நிரப்பு" என்றேன். அதுதான் நான் சொன்ன பதில். நீ போத்திலை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனாய். கொஞ்ச நேரத்தில் நான் சப்பாத்தைத் தேடினேன்.

இப்போது ஊருக்குப் போகிறேன், பொறுத்துக்கொண்டு கேள். உனக்கு ஐந்து வயது, உனக்கு நினைவிருக்கிறதெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தந்த நினைவுதான். எனக்கு எழுத்து இல்லாதபடியால் எதையும் எங்கேயும் எழுதி வைத்துவிட்டு மறக்க வழியில்லை, எல்லாம் உள்ளேயே கிடக்கிறது. கோழி வளர்த்தது நானில்லை, அக்காதான். நான் வெங்காயமும் புகையிலையும் வைக்கிற தோட்டக்காரன், கோழி கன்றைக் கிளறும் என்று எனக்கு எப்போதும் ஆத்திரம். அவள் பத்து வயதில் கழுத்தில் இறகில்லாத ஒரு கழுத்துரிஞ்சான் பேட்டோடு தொடங்கினவள். பதினாறு வயதில் அவளிடம் பதினொரு கோழியும் ஒரு சேவலும் நின்றன. பானைக்குள் சாணியும் பழைய கடதாசியும் அடைத்துப் புற்றடியில் கவிழ்த்து வைப்பாள், விடிய எடுத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டினால் கறையான் கொட்டும். எந்தக் கோழி எங்கே களவாய் முட்டை இடுகிறது என்று அவளுக்குத் தெரியும், எனக்குச் சொல்லமாட்டாள், உன் அம்மாவுக்குத்தான் சொல்லுவாள். அடை வைக்கிற நாளில் வீட்டில் ஒருவரும் சத்தம் போடக்கூடாது. பனையோலைக் கடகத்துக்குள் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, முட்டைகளை ஒற்றைக்கணக்கில் வைத்து, ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைப்பாள். இடி இடித்தால் முட்டை கூழாகிப் போகும், இரும்பு வைத்தால் இடி தாக்காது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஐப்பசியில் அவள் ஆணி வைக்கவில்லை. என் பழைய மண்வெட்டியின் கழன்ற தகட்டைத் தூக்கி வைத்தாள். "ஏனடி உவ்வளவு பெரிய இரும்பு?" என்று அம்மா கேட்க, "இந்த முறை இடி பெரிசம்மா" என்றாள். ஷெல்லைத்தான் சொன்னாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், நீயும் விளங்காமல் சிரித்தாய்.

அடை வைத்து இரண்டு கிழமையில் ஒலிபெருக்கி கட்டின வாகனம் வந்து, ஆமி நெருங்குகிறது, எல்லோரையும் ஊரை விட்டு எழும்பச் சொல்லிவிட்டுப் போனது. ஊர் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிட்டது. இரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் திரும்பி வந்துவிடுவோம் என்றுதான் நான் நினைத்தேன். முந்தி அப்படித்தான் போய்ப் போய் வந்தோம். வெறுமையாய் விட்ட வீடுகளில் களவு போகிற காலம், கோழியைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஆகவே நான் என்ன செய்தேன் என்றால், எல்லாக் கோழியையும் கூட்டுக்குள் அடித்து, அடைக்கோழியையும் கடகத்தோடு உள்ளே தூக்கி வைத்து, சட்டி நிறையத் தண்ணீரும் தவிடும் வைத்து, வீட்டுக் கதவுக்குப் போடுகிற ஆமைப்பூட்டைக் கொண்டுவந்து கூட்டுக்குப் போட்டேன். அக்கா வேண்டாம் என்றாள். "திறந்து விடுங்கோ அப்பா, அதுகள் தங்கடை பாட்டைப் பார்க்கும்." நான் கேட்கவில்லை. சாவியை என் அரைநாண்கொடியில் முடிந்துகொண்டேன். ஒரு தோட்டக்காரன் செய்கிற பிழை அது. உள்ளதைப் பூட்டி வைத்தால் உள்ளதாகவே இருக்கும் என்று நினைத்தேன்.

மழை. சனம் என்றால் சனம், தெரு தெரியவில்லை. என் சைக்கிளில் அரிசி மூட்டை, அதற்கு மேல் நீ. அம்மா தலையில் பெட்டி. அக்கா தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால். விடிய வெளிக்கிட்டு, மத்தியானம் ஆகியும் இரண்டு மைல் தாண்டவில்லை. ஒரு கோயில் சந்தியில் நெருக்குப்பட்டு நின்றபோது, எதிர்ப்பக்கமாய் வந்த ஒரு வாத்தியார், "இனித் திரும்பி வரேலாது, மாசக்கணக்கு, வருசக்கணக்கு எண்டும் சொல்லுறாங்கள்" என்றார். எனக்கு முதலில் வீடு ஞாபகம் வரவில்லை, தோட்டம் வரவில்லை. பூட்டுத்தான் வந்தது. ஒரு சட்டித் தண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும் என்று மனம் கணக்குப் பார்த்தது. பன்னிரண்டு சீவனும் அந்தக் கம்பிக்குள் நின்று சாகும், நான் பூட்டினபடியால் சாகும்.

நீ அழுதது உண்மை. அதை இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் நீ கோழிக்கு மட்டும் அழவில்லை, தம்பி. மழைக்கு அழுதாய், பசிக்கு அழுதாய், ஒரு செருப்பு சனத்துக்குள் விழுந்துபோனதற்கு அழுதாய், இடையில் கோழிக்கும் அழுதாய். ஐந்து வயதுப் பிள்ளை அரிசி மூட்டைக்கு மேல் இருந்து வேறு என்ன செய்யும். உன் அழுகையை அந்தத் தெருவில் ஒருத்தரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அழுதுகொண்டுதான் போனார்கள்.

நான் சாவியை அவிழ்த்து அக்காவிடம் நீட்டினேன். "பிள்ளை, சைக்கிளிலை கெதியாப் போயிட்டு வா. ஓரத்தாலை போனால் பத்து நிமிசம். திறந்து விட்டிட்டு வா." அவள் சாவியை உடனே வாங்கவில்லை. "ஷெல் அடிக்கிறாங்களப்பா" என்றாள். "அது அங்காலை. எங்கடை பக்கம் இல்லை." "நீங்களும் வாங்கோவன்" என்றாள். அந்தச் சொல்லைத் தாண்டமுடியாமல் நான் இன்றைக்கும் நிற்கிறேன். "தம்பியை விட்டிட்டு வரேலுமே" என்றேன். அம்மா நின்றாள், பக்கத்து வீட்டுக்காரர் நின்றார், சைக்கிளை யாராவது பிடித்திருப்பார்கள். நான் போகாததற்குக் காரணம் நீ இல்லை. எனக்குப் பயம். அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. ஆம்பிளை போனால் மறிப்பார்கள், சின்னப் பெட்டை போனால் ஒருத்தரும் கவனிக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் சாவியை வாங்கிச் சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டாள், சைக்கிளைத் திருப்பினாள், சனம் வருகிற பக்கத்துக்கு எதிராய்ப் போனாள். மணி அடித்து அடித்துப் போனது கொஞ்ச நேரம் கேட்டது.

இந்த இடத்தில் எழுதுகிற பிள்ளை பேனையை வைத்துவிட்டு, "ஐயா, இதையும் போடட்டோ?" என்று கேட்டாள். போடு என்றேன்.

ஒரு மணித்தியாலம் பார்த்தோம். பிறகு பின்னால் வந்த சனம் சொன்னது, எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முகப்பில் ஷெல் விழுந்ததாம், ஒரு பிள்ளை கிடக்கிறதாம், சைக்கிள் கிடக்கிறதாம். அப்போது எனக்குக் கால் வந்தது. உன்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன், பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் எங்கள் வாசல் படலையிலிருந்து அம்பது மீற்றர் தூரத்தில் கிடந்தாள், முகம் சந்திப் பக்கம். அலுவலை முடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். தூக்கிக்கொண்டு வளவுக்குப் போனேன். பூட்டுத் திறந்து கம்பியில் தொங்கியது, சாவி அதிலேயே இருந்தது. கோழிகள் வாழைக்குள் நின்று கிளறின. சுடலைக்குக் கொண்டுபோக ஆளில்லை, விறகில்லை, நேரமில்லை. கூட்டுக்குப் பக்கத்தில், அவள் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண் இளகிக் கிடந்த இடத்தில் குழி வெட்டினேன். அடைக்கோழி மட்டும் வெளியே போகவில்லை. கதவு திறந்திருக்க, கடகத்துக்குள் அப்படியே குந்தியிருந்து, நான் வெட்டி முடிக்கும் வரைக்கும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அது இன்னும் பார்க்கிறது. உன் அம்மா செத்த ஆஸ்பத்திரி அறையில் பார்த்தது, எங்கள் சனத்தின் கடைத்தெரு லாச்சப்பலில் கோழிக்கடை வாசலைத் தாண்டும்போது பார்க்கும், போன ஞாயிற்றுக்கிழமை உன் பெட்டிக்குள்ளிருந்து பார்த்தது.

பின்னேரம் நான் சனத்தைப் பிடித்து, நீங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, முழு ஊரும் அந்த விறாந்தையில் நின்றது. உன் பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, அந்தப் பிள்ளை ஏன் திரும்பிப் போனவள்?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ அம்மாவின் மடியில் நித்திரையாய்ப் போயிருந்தாய். "சின்னவன் கோழிக்கு அழுதவன், அவள் பொறுக்கமாட்டாமல் திரும்பிப் போனவள்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. சொன்னவுடன் எல்லோரும் உன்னைப் பார்த்து அழுதார்கள், என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. அந்த நேரம் எனக்கு வந்த ஆறுதலை நான் மறக்கவில்லை. சனம் போன பிறகு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சாவி உங்கடை இடுப்பிலையெல்லே இருந்தது?" நான் தண்ணீர் எடுக்கிற சாட்டில் எழும்பிப் போனேன். அவள் பிறகு கேட்கவும் இல்லை. ஊருக்கு முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் என் முகம் பார்த்துச் சிரித்த நாள் எனக்கு நினைவில்லை.

ஒரு சொல் தானே, காலம் போக மறந்துபோவார்கள் என்று நினைத்தேன். சனம் எதை மறந்தாலும் அழுகிற கதையை மறக்காது. வன்னியில் சொன்னார்கள், கொழும்பில் சொன்னார்கள், இங்கே வந்து இறங்கின முதல் கிழமையே ஸ்தேன் என்கிற ஊரில் உன் மாமா வீட்டில் சாப்பாட்டு மேசையில் சொன்னார்கள். "இவன்தானே கோழிக்கு அழுதவன், பாவம்" என்று உன் தலையைத் தடவினார்கள், உனக்கு ஏழு வயது, நீ தட்டில் இருந்த முட்டையைத் தள்ளி வைத்தாய். அன்று தொடக்கம் நீ முட்டை சாப்பிடவில்லை. பிள்ளைக்கு ஒத்துவராது என்று நான் உன் பள்ளிக்கூடத்தில் சொல்லச் சொன்னேன், அதுவும் என் பொய்தான். ஊர்ப் பெடியள் பந்தடிக்கிற இடத்தில், "டேய் கோழி, பந்தை இஞ்சாலை விடடா" என்று கூப்பிட்டார்கள். உனக்குப் பதினைந்து வயது. நான் கோட்டுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சிரித்தாய், பார்த்துவிட்டு நானும் சிரித்தேன். உன் கலியாணத்தில் மைக்கைப் பிடித்து மாமா அதையே பாசமாய்ச் சொல்லி, அக்காவின் படத்துக்கு முன்னால் உன்னை விழுத்திக் கும்பிட வைத்தார். நீ நிலத்தில் நெற்றியை வைத்து எழும்ப நேரமானது. நான் பட்டுவேட்டியோடு பக்கத்தில் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மண்டபம் நிறையச் சனம், சாப்பாடு ஆறுகிறது, பிறகு சொல்லுவோம் என்று விட்டேன்.

அம்மா கடைசியாய்ப் படுத்திருந்தபோது, நீ மருந்து எடுக்கப் போன நேரம் பார்த்து, "அவனுக்குச் சொல்லுங்கோ. நானும் போனால் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான்" என்றாள். ஓம் என்றேன். நாலு வருசம் ஆகிவிட்டது. அந்த ஓமும் பொய்யாய்ப் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இந்த அறையின் ஜன்னலில் தயிர் வாளிகளில் மிளகாயும் வெந்தயக் கீரையும் வைத்திருக்கிறேன், நீ வந்து பார்த்து, "பொண்டிக்கு வாங்கோ அப்பா, அவ்வளவு நிலம் கிடக்கு" என்று எத்தனை தரம் கேட்டாய். முழங்கால் ஏலாது, சனத்தோடு இருந்து பழகிவிட்டேன், என்று ஒவ்வொரு தரமும் ஒரு சாட்டுச் சொன்னேன். உன்னோடு ஒரு வீட்டில் இருந்தால் ஒரு நாள் நீ என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாய் என்கிற பயம்தான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் நடந்தது. நீ பைப்படியில் நின்றபோது உன் மகள் கூட்டடிக்கு ஓடிவந்து, அந்த அடைக்கோழியைத் தூக்கித் தா என்று என்னிடம் கேட்டாள். தூக்கக்கூடாது, கொத்தும் என்றேன். அவளுக்கு என் தமிழ் பாதிதான் விளங்கும், பிரெஞ்சில் ஏதோ சொல்லி அழத் தொடங்கினாள். நல்ல பலத்த அழுகை, வளவு முழுக்கக் கேட்டது. நீ போத்திலை எறிந்துவிட்டு ஓடிவந்து அவளின் வாயைப் பொத்தினாய். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கையால் வாயைப் பொத்தி, "அழக்கூடாது, கோழிக்கு அழக்கூடாது, அழக்கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். பிள்ளை பயந்து கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு இந்த வைகாசியில்தான் ஐந்து வயது முடிந்தது. நான் அந்த விறாந்தையில் சொன்ன ஒரு சொல் உனக்குள் போய், உன் கையால் வெளியே வந்து, அவளின் வாயில் நிற்கிறதைக் கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகு உன் மேசையில் இருந்து சோறு தின்ன எனக்கு முகம் இல்லை. அதனால்தான் எழும்பி வந்தேன்.

உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னிடம் மட்டும் சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். "விடுங்கோ அப்பா, பழசு" என்று சொல்லி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவாய், ஊருக்கு முன்னால் அந்தக் கதையைத் தொடர்ந்து நீயே சுமப்பாய், எனக்காக. பொய்யை நான் ஊருக்கு முன்னால் சொன்னேன், அதைத் திருப்பி எடுக்கிறதும் ஊருக்கு முன்னால்தான் நடக்கவேண்டும். அதனால் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. மலர் வருகிற நாளில் மண்டபத்தில் என்னைப் பார்த்துக் கேட்கிறவர்கள் கேட்கட்டும், உன் பெரியம்மாவும் கேட்கட்டும். நான் அங்கே இருப்பேன், முன் வரிசையில் இருப்பேன். நீ வந்தால் எனக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று இல்லை. வராவிட்டாலும் சரி. இனிப் பொண்டிக்கு வரச்சொல்லி நீ கேட்பாயோ, என் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சொல்லுவாயோ, அது உன் விருப்பம். கேட்டுக் கெஞ்ச எனக்கு உரிமை இல்லை. ஒரு அலுவல் மட்டும் செய். அந்தப் பேட்டை எழுப்பி விட்டுவிட்டு, அதன் கீழே இருக்கிற முட்டை பழுதாகியிருக்கும், எறி. நாளைக்குப் புது முட்டை வரும். அதில் ஒன்றை அவித்து, பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி, நீ சாப்பிடு. அவள் எதற்காவது அழுதால் அழ விடு. ஒரு பிள்ளை அழுது ஒருத்தரும் சாகிறதில்லை. உன் அக்காவும் நீ அழுது சாகவில்லை.

எழுதின பிள்ளை முழுவதையும் திரும்ப வாசித்துக் காட்டினாள். ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கீழே உன் அன்புள்ள அப்பா என்று போடட்டோ என்று கேட்டாள். அதை வெட்டச் சொல்லி இப்படிப் போடச் சொன்னேன்.

இப்படிக்கு,
சாவியைக் கொடுத்து உன் அக்காவைத் திருப்பி அனுப்பின அப்பா